முதுமையில் பெற்றோர்: அவர்களோடு சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவுகள்



இரும்புலியூர், பெருங்களத்தூர், முடிச்சூர், வண்டலூர் என்று தாம்பரத்தைச் சுற்றி நீளும் நம் பகுதி, ஒரு காலத்தில் இளங்குடும்பங்கள் வந்து குடியேறிய பகுதி. இரயில்வேயிலும், விமானப்படைத் தளத்திலும், சானடோரியம் மருத்துவமனையிலும், மெப்ஸ் வளாகத்திலும் வேலை பார்த்தவர்கள் கடன் வாங்கி மனை வாங்கினார்கள். சிறுகச் சிறுக வீடு கட்டினார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இன்று அவர்களுக்கு எழுபது, எண்பது வயது. படித்த பிள்ளைகள் பெங்களூரிலும், துபாயிலும், அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். சென்னையிலேயே இருப்பவர்கள்கூடக் காலையில் புறப்பட்டால் இரவில்தான் வீடு திரும்புகிறார்கள்.

இது நம் தெருவின் நிலை மட்டுமல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு. 2031இல் இது 18.2 விழுக்காடாகும் என்று மத்திய அரசின் வல்லுநர் குழு கணித்துள்ளது. இந்தியாவின் பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் மிகுந்த மாநிலம் நம்முடையது. ஆகவே ‘அப்பாவை யார் பார்த்துக்கொள்வது, அம்மா எங்கே இருப்பார்’ என்ற கேள்வி ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் வரப்போகும் கேள்வி.

ஆனால் இந்தக் கேள்விக்கு நம் குடும்பங்கள் பெரும்பாலும் எப்போது விடை தேடுகின்றன? குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்த பிறகு, மருத்துவமனை வராந்தாவில், ஓர் இரவில். அப்போது பேசுபவர்கள் பிள்ளைகள், கேட்பவர் மருத்துவர், கையெழுத்துப் போடுபவர் மூத்தவர். யாரைப் பற்றிய முடிவோ, அவரிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: பெற்றோரைப் பற்றிய முடிவைப் பெற்றோரோடு சேர்ந்து, அவர்கள் பேசும் நிலையில் இருக்கும்போதே எடுக்க வேண்டும்.

கட்டளை யாருக்குக் கொடுக்கப்பட்டது?

‘தாய் தந்தையை மதித்து நட’ என்ற கட்டளையை நாம் மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால் சீனாய் மலையடியில் அதைக் கேட்டவர்கள், வயது முதிர்ந்த பெற்றோரை உடன் வைத்திருந்த வளர்ந்த ஆண்களும் பெண்களும். இயேசுவும் அதை அப்படித்தான் புரிந்துகொண்டார். பெற்றோருக்குச் சேர வேண்டிய உதவியைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்களை அவர் கடுமையாகக் கண்டித்ததை மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கோவிலுக்குக் கொடுப்பதுகூடப் பெற்றோரைக் கைவிடுவதற்குச் சாக்கு ஆகாது.

சீராக்கின் ஞானம் மூன்றாம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தந்தையின் அறிவு மங்கிப்போனாலும் அவரிடம் பொறுமையாயிருக்கவும், நமக்கு வலிமை இருக்கிறது என்பதற்காக அவரை இகழாதிருக்கவும் அது கேட்கிறது. மறதி நோயை அன்றே அறிந்திருந்த ஒருவரின் அறிவுரை இது. பிள்ளைகள் தம்மால் இயன்றவரை பெற்றோருக்குப் பொருளுதவியும் மனத்துணையும் தர வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2218ஆம் எண்ணில் கற்பிக்கிறது. ‘இயன்றவரை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இயலாததைத் திருச்சபை கேட்கவில்லை. எது இயலும், எது இயலாது என்பதை நேர்மையாக உட்கார்ந்து கணக்கிடச் சொல்கிறது.

முதலில், எதற்கு உதவி தேவை?

‘அப்பாவுக்கு முன்னைப்போல முடியவில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் முடிவெடுக்க இயலாது. மருத்துவர்கள் அன்றாட வாழ்வின் ஆறு செயல்களைப் பார்க்கிறார்கள்: குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குப் போய்வருதல், படுக்கையிலிருந்து எழுந்து நகர்தல், சிறுநீர் மலத்தை அடக்குதல், தானே உண்ணுதல். இவற்றை ஒருவர் தனியாகச் செய்ய முடிந்தால் அவர் தம் வீட்டில் பெரும்பாலும் சமாளித்துவிடுவார். இவற்றுக்கு முன்பே தளர்ந்துபோவது வேறு சில செயல்கள்: மருந்தை நேரத்துக்கு எடுப்பது, பணத்தைக் கையாள்வது, சமைப்பது, கடைக்குப் போவது, தொலைபேசியில் பேசுவது. எது தளர்ந்திருக்கிறதோ, உதவி அதற்குத் தேவை. மருந்து மறக்கும் தாய்க்கு மாத்திரைப் பெட்டியும் காலை மாலை ஒரு தொலைபேசி அழைப்பும் போதும். அதற்காக வீட்டையே பூட்டிவிட்டு அவரை அழைத்துப்போக வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பிப் பேசினால், ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, உடலில் சோடியம் குறைவது, நீர் வற்றுவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவை முதியோரைக் குழப்பத்தில் ஆழ்த்தும். இவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. மெல்ல மெல்ல வரும் மறதிக்கும் சில நேரங்களில் தைராய்டு குறைபாடோ வைட்டமின் பி12 குறைபாடோ காரணமாயிருக்கும். ஆகவே மருத்துவச் சோதனைக்கு முன் பெரிய முடிவு எதுவும் வேண்டாம்.

முதியோர் மருத்துவம் என்பது தனித் துறை. 1978இல் மருத்துவர் வி. எஸ். நடராஜன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அதைத் தொடங்கியபோது இந்தியாவுக்கே அது முதலாவது. இன்று கிண்டி கிங் நிலைய வளாகத்தில் முதியோருக்கென்றே 200 படுக்கைகள் கொண்ட தேசிய மருத்துவமனை இருக்கிறது. 2024 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டது. தாம்பரத்திலிருந்து மின்சார இரயிலில் போய்வரக்கூடிய தொலைவுதான்.

குடும்பம் கூடிப் பேசுதல்

திருமணத்துக்கு எத்தனை முறை கூடிப் பேசுகிறோம்! பெற்றோரின் முதுமைக்காக ஒருமுறைகூட நாம் கூடுவதில்லை. கிறிஸ்து பிறப்புக்கோ பொங்கலுக்கோ எல்லோரும் வரும்போது ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் தொலைபேசி வழியாகச் சேரலாம். அந்தப் பேச்சில் பெற்றோர் நடுவில் அமர்ந்திருக்க வேண்டும். முதலில் பேச வேண்டியவர்களும் அவர்களே.

கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. எங்கே இருக்க விரும்புகிறீர்கள்? எதற்குப் பயப்படுகிறீர்கள்? உங்களால் எதைச் செய்ய முடியவில்லை? உங்கள் ஓய்வூதியம், சேமிப்பு, காப்பீட்டுத் தாள்கள் எங்கே இருக்கின்றன? நீங்கள் பேச முடியாத நிலை வந்தால் உங்கள் சார்பில் யார் பேச வேண்டும்? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். ‘சாவைப் பற்றிப் பேசினால் அப்பா மனம் உடைந்துவிடும்’ என்கிறார்கள். உண்மையில் அப்பா அதைப் பற்றி நெடுநாளாக நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார். பிள்ளைகள் மனம் உடையும் என்று அவர் பேசாதிருக்கிறார்.

பெற்றோர் சொல்வதையெல்லாம் அப்படியே செய்ய முடியாமல் போகலாம். ‘நான் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன்’ என்று சொல்லும் தாய், படி ஏற முடியாத மாடி வீட்டில் தனியாக இருக்கலாம். அப்போதும் அவரிடம் காரணத்தைச் சொல்லி, கேட்டு, காத்திருக்க வேண்டும். ‘ஒரு வாரம் வந்து இருந்து பாருங்கள்’ என்று அழைத்துப்போய் அங்கேயே நிறுத்திக்கொள்வது ஏமாற்று. அன்புக்காகச் செய்தாலும் அது ஏமாற்றே.

சுமை யார் தோளில்?

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். படுக்கையில் இருக்கும் ஒரு முதியவருக்கு அத்தனை மணி நேரமும் யாராவது அருகில் இருக்க வேண்டும். நம் குடும்பங்களில் அந்த ‘யாராவது’ பெரும்பாலும் ஒரு மகள் அல்லது மருமகள். அவரிடமும் யாரும் கேட்பதில்லை. வேலையை விடுகிறார், உறக்கத்தை விடுகிறார், ஞாயிறு திருப்பலிக்கும் வர முடிவதில்லை. பிறகு ஒரு நாள் அவர் சத்தம் போட்டால், அதை மட்டும் எல்லோரும் பேசுகிறார்கள்.

அந்த 168 மணி நேரத்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எந்த நேரம் யார், எந்தச் செலவு யாருடையது, மருத்துவமனைக்கு யார் அழைத்துப்போவது என்று பெயர்களை எழுதுங்கள். தொலைவில் இருக்கும் மகன் பணம் அனுப்பலாம். ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வந்து, பார்த்துக்கொள்ளும் அண்ணிக்கோ தங்கைக்கோ ஓய்வு தரலாம். பகல்நேரத்துக்கு ஒரு பணிப்பெண்ணையோ ஹோம் நர்சையோ அமர்த்தலாம். அமர்த்தும்போது அவரது அடையாளச் சான்று, முன்பு வேலை பார்த்த வீடு, வார விடுமுறை, ஊதியம் ஆகியவற்றை முதலிலேயே தெளிவாகப் பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது. அவரும் ஒரு குடும்பத்தின் தாயோ மகளோதான் என்பதை மறக்கக் கூடாது.

பெற்றோரை ‘மாதத்துக்கு ஒரு வீடு’ என்று முறை வைத்துச் சுற்றவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. பெற்றோரே விரும்பினால் அதில் தவறில்லை. ஆனால் அப்பா பெரியவன் வீட்டில், அம்மா சின்னவன் வீட்டில் என்று ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களைப் பிரிப்பது கொடுமை. கடவுள் இணைத்ததைப் பிள்ளைகள் வசதிக்காகப் பிரிக்க வேண்டாம்.

வீடா, இல்லமா?

முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பாவமா என்று பலர் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வரும்போது கேட்கிறார்கள். திருச்சபையின் வரலாறே இதற்கு விடை தருகிறது. 1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பிரான்சு நாட்டில் ஜான் ஜுகான் என்ற எளிய பெண், பார்வையிழந்த ஒரு முதிய கைம்பெண்ணைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தமது படுக்கையையே அவருக்குக் கொடுத்தார். முதியோருக்காகவே வாழும் எளியோரின் சிறிய சகோதரிகள் சபை அங்கிருந்துதான் பிறந்தது. 2009 அக்டோபரில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக உயர்த்தினார். அச்சகோதரிகள் சென்னையிலும் முதியோருக்குப் பணி செய்கிறார்கள். நம் பகுதிக்கு அருகே பாலவாக்கத்தில் உள்ள விஸ்ராந்தி இல்லத்தைச் சாவித்திரி வைத்தி அவர்கள் 1978இல், கைவிடப்பட்ட முதியோருக்காகத் தொடங்கினார்.

ஆகவே இல்லம் என்பது பாவம் அல்ல. முற்றிய மறதி நோயாளிக்கோ, இரவு பகல் செவிலியர் தேவைப்படுபவருக்கோ அது வீட்டைவிடப் பாதுகாப்பாக இருக்கலாம். சேர்த்துவிட்டுப் போகாமல் இருப்பதுதான் பாவம். கட்டணத்தைக் கட்டுவதோடு பிள்ளையின் கடமை முடிவதில்லை.

இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் பெற்றோரையே அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். அரசின் சமூக நலத்துறையில் பதிவு பெற்றதா, இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், மருத்துவர் எப்போது வருவார், உடல்நிலை மோசமானால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், கழிப்பறை தூய்மையாக உள்ளதா, எந்த நேரமும் வந்து பார்க்கலாமா, முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். சொல்லிவிட்டு ஒருமுறையும் சொல்லாமல் ஒருமுறையும் போய்ப் பாருங்கள். அங்கே இருக்கும் முதியோரிடம் பேசுங்கள். அவர்கள் முகமே பாதி விடை சொல்லும். சில வாரங்கள் தங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க இடம் தரும் இல்லம் கிடைத்தால் இன்னும் நல்லது.

வீட்டிலேயே இருப்பதானால் வீட்டை முதலில் மாற்றுங்கள். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, உட்கார்ந்து பயன்படுத்தும் கழிப்பறை, இரவில் எரியும் சிறு விளக்கு ஆகிய நான்கும் பெரிய செலவில்லாமல் ஒரு விழுதலையும் ஓர் இடுப்பெலும்பு முறிவையும் தவிர்க்கக்கூடும்.

சொத்தும் கையெழுத்தும்

நம் பகுதியில் மனை விலை ஏறியது. அதோடு ஒரு சோதனையும் ஏறியது. ‘வீட்டை என் பெயருக்கு எழுதிக் கொடுங்கள், கடைசிவரை பார்த்துக்கொள்கிறேன்’ என்ற வாக்கை நம்பிச் செட்டில்மெண்ட் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், பிறகு தாங்கள் கட்டிய வீட்டிலேயே விருந்தாளிகள் ஆகிறார்கள். சீராக்கின் ஞானம் 33ஆம் அதிகாரம் இதைத்தான் எச்சரிக்கிறது: உயிரோடிருக்கும்போது சொத்தைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பிள்ளைகள் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வராதே என்கிறது.

செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்ததும் சொத்து கைமாறிவிடும். உயில் இறப்புக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். உயிரோடிருக்கும்வரை அதை மாற்றலாம். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலில் சொத்துப் பெறுபவரோ அவரது கணவர் அல்லது மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது. இதை அறியாமல் வீட்டு மனிதர்களையே சாட்சியாக்குபவர்கள் உண்டு.

செட்டில்மெண்ட்தான் எழுத வேண்டுமென்றால், ‘என்னைப் பராமரிக்க வேண்டும், நான் வாழ்நாள் முழுவதும் இங்கே குடியிருப்பேன்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனையிட்டுக் கொடுத்த சொத்தைப் பராமரிக்காத நிலையில் திரும்பப் பெற வழி செய்கிறது. அந்த நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியோரைக் காப்பதே இச்சட்டத்தின் நோக்கம் என்பதால் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, ஒரு தாய்க்கு அவரது சொத்தை மீட்டுக் கொடுத்தது. வழக்கு வரை போகாமலிருக்க, ஒரு வரி எழுதிவைப்பது எளிது.

சட்டம் தரும் பாதுகாப்பு

இச்சட்டப்படி பெற்றோர் தங்களைப் பராமரிக்கும்படி தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரே தீர்ப்பாயத்தை நடத்துகிறார். நமக்குத் தாம்பரம் கோட்டாட்சியர். வழக்கறிஞர் தேவையில்லை. முதலில் சமரசத்துக்கு முயல்வார்கள். அறிவிப்பு சென்ற 90 நாள்களுக்குள் மனுவை முடிக்க வேண்டும் என்பது விதி. 2007 சட்டம் மாதப் பராமரிப்புத் தொகைக்கு வைத்த உச்சவரம்பு 10,000 ரூபாய். மூத்த குடிமக்களைக் கைவிடுவது மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பிள்ளையில்லாத முதியவரை, அவரது சொத்துக்கு வாரிசாகும் உறவினர் பராமரிக்க வேண்டும்.

‘கட்டிக்கொடுத்த மகளுக்கு இதில் பொறுப்பில்லை’ என்பதும் தவறு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் மணமான மகளுக்கும் பெற்றோரைப் பராமரிக்கும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987லேயே தீர்ப்பளித்தது. கடமையில் பங்கு உள்ள மகளுக்கு முடிவெடுப்பதிலும் பங்கு உண்டு என்பதை நம் குடும்பங்கள் ஏற்க வேண்டும்.

துன்புறும் முதியோரும், அவர்களைக் காண்போரும் 14567 என்ற கட்டணமில்லா எண்ணில் உதவி கேட்கலாம். வருமானமும் ஆதரவும் இல்லாத முதியோருக்கு அரசு உதவித்தொகை உண்டு. தமிழ்நாட்டில் அது 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

சட்டம் கடைசி வாசல். அதுவரை போன குடும்பத்தில் பணம் வந்து சேரலாம். பேச்சு திரும்புவது கடினம். ஆனால் அடியும் பட்டினியும் உள்ள வீட்டில் ‘குடும்ப மானம்’ என்று சொல்லி ஒரு முதியவரை மௌனமாக இருக்கச் சொல்வது கிறிஸ்தவ அறிவுரை ஆகாது.

இறுதி நாள்களில்

குணமாகும் நம்பிக்கையே இல்லாத நிலையில், வென்டிலேட்டர் வைக்கலாமா, மீண்டும் ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோகலாமா என்று பிள்ளைகள் தவிக்கிறார்கள். திருச்சபையின் போதனை தெளிவானது. உயிரைப் போக்கும் எந்தச் செயலும் கூடாது. ஆனால் பயனுக்கு மிஞ்சிய துன்பமும் சுமையும் தரும் சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லலாம். அது கொலையாகாது என்று மறைக்கல்வி 2278ஆம் எண் விளக்குகிறது. அந்த முடிவு முதலில் நோயாளியுடையது. வலி தணித்தல், தூய்மை, அன்பான அருகிருப்பு ஆகியவற்றை எந்நிலையிலும் நிறுத்தக் கூடாது. நினைவு தெளிவாக இருக்கும்போதே தம் விருப்பத்தை எழுதிவைக்க 2018ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வழி செய்தது; 2023இல் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டது.

நோயில்பூசுதல் சாகும் நேரத்துக்கு மட்டும் உரியது அல்ல. அறுவை சிகிச்சைக்கு முன்னும், முதுமையின் தளர்ச்சி கூடும்போதும் அதைப் பெறலாம். பேச்சும் நினைவும் போன பிறகு குருவானவரை அழைக்காதீர்கள். அப்பா தாமே செபத்துக்குப் பதில் சொல்லக்கூடிய நாளில் அழையுங்கள்.

பங்கு என்ன செய்யலாம்?

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஜூலை நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாளாக ஏற்படுத்தினார். அந்த ஒரு நாளில் சால்வை போர்த்துவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் தனியாக வாழும் முதியோரின் பட்டியலை வைத்திருக்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் வாரத்துக்கு ஒருமுறை வீடு தேடிப் போகலாம். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் விடுதலை கொடுத்து, நம்மில் ஒருவர் அந்தக் கட்டில் அருகே அமரலாம். அவர் திருப்பலிக்கு வரட்டும், அல்லது வெறுமனே உறங்கட்டும்.

சிலுவையில் தொங்கிய வேளையிலும் இயேசு தம் தாயை யாரிடம் ஒப்படைப்பது என்பதை முடிவு செய்தார். தாயிடமும் சொன்னார், சீடரிடமும் சொன்னார். இருவரும் கேட்கும்படி சொன்னார். நம் வீடுகளிலும் அந்தப் பேச்சு நடக்கட்டும். இந்த வாரமே, இரவு செபம் முடிந்த பின், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அம்மாவின் அருகில் அமர்ந்து கேளுங்கள்: ‘அம்மா, உங்களுக்கு எப்படி இருந்தால் நல்லது?’ விடை வரும்வரை பொறுத்திருங்கள்.

முதிய பெற்றோரையும், அவர்களைத் தாங்கும் கைகளையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக.